சொல்லின் பிறப்பும் செவியின் மயக்கமும்

தமிழ் விழா மேடைகளில் நெடுங்காலமாக நடந்துவரும் காட்சி ஒன்று உண்டு. சொற்பொழிவாளர் எழுகிறார். "எட்டு என்னும் எண்ணை ஆங்கிலேயர் 'எய்ட்' என்கின்றனர், அது நம் எட்டு அன்றோ? பணத்தைக் 'கேஷ்' என்கின்றனர்; அது நம் காசு அன்றோ? இந்நாட்டு மக்கள் தம்மை 'மெலாயு' என்கின்றனர். அது நம் மலையூர் அன்றோ?" என்று அடுக்குகிறார். கூட்டத்தார் கைதட்டி ஆரவாரிக்கின்றனர். அடுத்த ஆண்டு அப்பேச்சே கட்டுரையாக மாறி, ஏதேனும் ஒரு சங்கத்தின் ஆண்டு மலரில் இடம்பெறுகிறது. அதற்கடுத்த ஆண்டு பள்ளி மாணவர்களின் பேச்சுப் போட்டியில் ஒலிக்கிறது.

இதனால் விளையும் தீங்கு என்ன என்று கேட்கலாம். மொழிப்பற்றை வளர்ப்பது நன்றுதானே என்றும் சொல்லலாம். தீங்கு உண்டு. அந்த மாணவன் பின்னர் பல்கலைக் கழகம் சென்று, பிறமொழி மாணவர் நடுவே அதே செய்தியைச் சொல்லும்போது, ஆசிரியர் இரண்டே கேள்விகளில் அதை உடைத்துவிடுகிறார். அன்று அவன் இழப்பது ஒரு செய்தியை மட்டும் அன்று. தமிழைப் பற்றித் தான் கேட்ட அனைத்துமே இப்படித்தான் இருக்குமோ என்ற ஐயம் அவன் உள்ளத்தில் புகுந்துவிடுகிறது. பொய்யான பத்துச் சான்றுகள் மெய்யான நூறு சான்றுகளை உடன் இழுத்துக்கொண்டு போய்விடுகின்றன. ஆகவே மேடையில் உலவும் இச்சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து நிறுத்துப் பார்ப்பது தேவையான பணி ஆகும்.

எட்டும் காசும்

முதலில் எட்டு. ஆங்கிலச் சொல்லுக்கு உடன்பிறப்புகள் உள. ஜெர்மன் மொழியில் 'ஆஹ்ட்', இலத்தீனில் 'ஒக்தோ', கிரேக்கத்தில் 'ஒக்தோ', வடமொழியில் 'அஷ்ட'. இவற்றை ஒப்பிட்டால், பழைய வடிவத்தில் தகரத்திற்கு முன்னே ஒரு ககர ஒலி இருந்தமை தெளிவாகும். ஆங்கிலேயர் இன்றும் அச்சொல்லின் நடுவே ஒலிக்காத இரண்டு எழுத்துகளை எழுதிவருவது அந்தப் பழைய ஒலியின் தடமேயாகும்.

இனித் தமிழைப் பார்க்க வேண்டும். எண்பது, எண்ணூறு, எண்திசை என்னும் தொடர்களில் அடிச்சொல் 'எண்' எனத் தோன்றுகிறது. கன்னடத்தில் 'எண்ட்டு' என்கின்றனர். தெலுங்கில் 'எனிமிதி' என்கின்றனர். எனவே தமிழ் எட்டின் பழைய வடிவத்தில் இருந்தது ணகரம். ஆங்கில எய்ட்டின் பழைய வடிவத்தில் இருந்தது ககரம். இன்று இரண்டும் ஒத்து ஒலிப்பது, வெவ்வேறு ஊர்களிலிருந்து புறப்பட்ட இரு வழிப்போக்கர் ஒரே சத்திரத்தில் தங்க நேர்ந்ததைப் போன்றது.

இதிலிருந்து ஓர் அளவுகோல் கிடைக்கிறது. உண்மையான உறவுச் சொற்கள் காலத்தில் பின்னோக்கிச் செல்லச் செல்ல நெருங்கி வரும். தற்செயலாக ஒத்தவை பின்னோக்கிச் செல்லச் செல்ல விலகிப் போகும். இன்றைய ஒலியை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்பவர், சத்திரத்தில் ஒன்றாக உண்ட இருவரையும் அண்ணன் தம்பி என்று சாதிப்பவர் ஆவார்.

அடுத்தது காசு. இதில் பாதி உண்மை உண்டு. அதனால்தான் மயக்கம் மிகுதி. ரொக்கப் பணத்தைக் குறிக்கும் ஆங்கிலக் 'கேஷ்', பணப்பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களின் வழியாக வந்தது. அவற்றிற்கு மூலம் பெட்டி எனப் பொருள்படும் இலத்தீன் சொல். ஆனால் கிழக்கு நாடுகளில் வழங்கிய சிறுநாணயத்தையும் ஆங்கிலேய வணிகர் 'கேஷ்' என்றே எழுதினர். அந்தச் சொல் போர்த்துகீசியர் வாய்வழி சென்ற நம் காசுதான். தமிழ்க் காசு இலத்தீன் பெட்டியோடு ஒலியில் கலந்துவிட்டது. நாணயத்தின் பெயரில் தமிழனுக்கு உரிமை உண்டு. ரொக்கத்தின் பெயரில் இல்லை. உள்ளதை உள்ளபடி சொன்னாலே இஃது எவ்வளவு சுவையான வரலாறு! அதனை முழுவதும் நமதே என்று நீட்டும்போது சுவையும் போகிறது, உண்மையும் போகிறது.

மலாய் மொழி காட்டும் வழி

இரவல் ஆரவாரத்தைத் தேடி இலண்டன் வரை செல்ல வேண்டியதில்லை. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நாள்தோறும் காதில் விழும் மலாய் மொழியிலேயே மறுக்க முடியாத தமிழ்ச் செல்வம் கிடக்கிறது. கப்பல் 'காப்பால்' ஆயிற்று. பெட்டி 'பெத்தி' ஆயிற்று. கட்டில் 'காத்தில்' ஆயிற்று. கடை 'கெடாய்', முதல் 'மோடால்', மீசை 'மீசாய்', திரை 'திராய்', தோழன் 'தோலான்', காவல் 'காவால்', குளம் 'கோலாம்', கழுதை 'கெல்டாய்' என வழங்குகின்றன.

இவை வெறும் ஒலி ஒப்புமைகள் அல்ல என்பதற்குச் சான்று யாது? இவை ஓர் ஒழுங்கிற்கு உட்பட்டு நடப்பதே சான்று. தமிழில் வல்லெழுத்து இரட்டித்து வரும் இடத்தில் மலாயில் ஒற்றை வல்லொலி நிற்கிறது. கப்பல், பெட்டி, கட்டில் மூன்றும் அவ்வாறே. தமிழில் வல்லெழுத்து இரட்டிக்காமல் உயிர்களுக்கு நடுவே வரும் இடத்தில், நாம் அதனை மெலித்தே ஒலிக்கிறோம்; மலாயிலும் மெல்லிய ஒலியே நிற்கிறது. கடை, முதல், கழுதை ஆகியவை அதற்குச் சான்று. ழகரம் எங்கும் லகரமாகிறது: தோழன், கழுதை, மாம்பழம். சொல் முதலில் வரும் வகரம், 'பந்து' என்னும் சொல்லின் முதலில் நாம் ஒலிப்பது போன்ற மெல்லிய பகரமாகிறது: கைவிலங்கைக் குறிக்கும் விலங்கு 'பெலெங்கு' ஆயிற்று, வெடில் 'பெடில்' ஆகித் துப்பாக்கியைக் குறித்தது.

நான்கு விதிகளும் பல சொற்களில் பிறழாமல் இயங்குகின்றன. இச்சொற்கள் ஏட்டிலிருந்து எழுத்தெண்ணி எடுக்கப்பட்டவை அல்ல, துறைமுகத்திலும் சந்தையிலும் காதால் கேட்டுக் கொள்ளப்பட்டவை என்பதையும் அவ்வொழுங்கே காட்டுகிறது. கப்பல், கடை, முதல், பெட்டி என்னும் நான்கையும் சேர்த்துப் பார்த்தால், கொண்டுவந்தவர் யார் என்பதும் புலனாகும். வணிகனின் வாழ்வு முழுவதும் அந்த நான்கு சொற்களில் அடங்கிக் கிடக்கிறது.

பொருள் மாற்றமும் ஆராயத் தக்கது. மாப்பிள்ளை மலாயில் 'மெம்பெலாய்' ஆனார். ஆனால் அங்கே மணமகனும் மெம்பெலாய், மணமகளும் மெம்பெலாய். பவளம் 'புவாலாம்' ஆகிப் பளிங்குக் கல்லைக் குறித்தது. சும்மா என்னும் நம் சொல் 'சூமா' ஆகி 'மட்டும்' என்னும் பொருளைப் பெற்றது. அதனோடு முன்னொட்டுச் சேர்ந்த 'பெர்ச்சூமா' இன்று கடைப் பலகைகளில் இலவசம் என்று பொருள் தந்து நிற்கிறது. ஒன்று வாங்கினால் ஒன்று சும்மா என்று தமிழன் சொல்வதை அந்தப் பலகை தன் மொழியில் சொல்கிறது.

மாங்கனியின் கதை இன்னும் இனியது. மலாயில் அதற்கு இரண்டு பெயர்கள்: 'மாங்கா', 'மெம்பெலாம்'. முன்னது மாங்காய், பின்னது மாம்பழம். காயும் பழமுமாக நாம் வேறுபடுத்திய இரண்டும் கடல் கடந்து ஒரே கனியின் இரு பெயர்களாயின. மாங்காய் என்னும் வடிவமே போர்த்துகீசியர் வழியாக ஐரோப்பா சென்று 'மேங்கோ' ஆயிற்று. இன்று ஆங்கிலேயர் பழுத்த கனியைக் கையில் வைத்துக்கொண்டு காய் என்று அழைக்கின்றனர்!

ஊர்ப் பெயரும் உட்பொருளும்

ஊர்ப் பெயர்களில்தான் செவியின் மயக்கம் எல்லை கடக்கிறது. இதில் நம் முன்னோரும் பிறமொழிப் புலவரும் ஒருவர்க்கொருவர் இளைத்தவர் அல்லர். புரியாத பெயரைக் கேட்டால் அதைத் தம் மொழிச் சொல்லாக்கிப் பொருள் கண்டுவிடுவது மனித இயல்பு.

இஞ்சியின் பெயரைப் பார்க்கலாம். இஞ்சி என்பதும் வேர் என்பதும் சேர்ந்த பழைய திராவிடச் சொல் வடக்கே சென்று பாலியில் 'சிங்கிவேர' ஆயிற்று. கிரேக்கர் வழியே மேற்கே சென்று 'ஜிஞ்சர்' ஆயிற்று. வடமொழிப் புலவரோ அதனைச் 'சிருங்கவேர' என்று திருத்தி, கொம்பு போன்ற உடலை உடையது எனப் பொருள் உரைத்தனர். இஞ்சியின் தோற்றமும் அதற்கு இடம் தந்தது. விளக்கம் பொருத்தமாக இருப்பதனால் மட்டும் அஃது உண்மையாகிவிடாது என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.

வடமொழியாளர் இஞ்சிக்குச் செய்ததைத் தமிழர் கெடாவுக்குச் செய்தனர். அதன் பெயர் நம் கல்வெட்டுகளிலும் செப்பேடுகளிலும் கடாரம் என்றும் கிடாரம் என்றும் வருகிறது. ராசராச சோழன் காலத்து ஆனைமங்கலச் செப்பேட்டின் வடமொழிப் பகுதி அந்நாட்டைக் 'கடாக' என்கிறது. தமிழ்ப் பகுதி கிடாரம் என்கிறது. கடாரம் என்றால் கொப்பரை. வடமொழிக் கடாகமும் கொப்பரையே. ஏழாம் நூற்றாண்டிற் சீனத் துறவி இ-சிங் எழுதிய வடிவமோ 'சியே-சா' என்று இன்று ஒலிக்கப்படுகிறது. ஓர் ஊர்ப் பெயரை மூன்று நாட்டார் தத்தம் செவிக்கு ஏற்றவாறு பிடித்துக்கொண்டனர் என்பதே இதன் விளக்கம். கெடா மக்கள் கொப்பரையில் வாழ்ந்தனர் என்று எவரும் சொல்லத் துணியார்.

ஆனால் மலையூர் என்னும் பெயரில் மட்டும் அத்துணிவு எளிதாக வந்துவிடுகிறது. இராசேந்திர சோழனின் 1025-ஆம் ஆண்டுக் கடற்படையெடுப்பைக் கூறும் தஞ்சைக் கல்வெட்டு, ஸ்ரீவிசயம், பண்ணை, இலங்காசோகம், கடாரம் முதலியவற்றோடு மலையூரையும் குறிக்கிறது. வலிய மலையை அரணாக உடையது என்று அதனைப் புனைந்துரைக்கிறது. இதை வைத்துக்கொண்டே, மலாய் மக்களின் இனப்பெயர் தமிழன் இட்டது என்று முடிவு கட்டுகின்றனர்.

மூன்று தடைகள் இம்முடிவை மறிக்கின்றன. முதல் தடை காலம். இ-சிங் 671-ஆம் ஆண்டில் இவ்வழியே இந்தியாவிற்குப் பயணம் செய்தபோதே 'மோ-லோ-யு' என்னும் நாட்டில் இரண்டு திங்கள் தங்கினார். சோழர் கப்பல் வருவதற்கு முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே அப்பெயர் நின்று நிலவியது. இரண்டாம் தடை இடம். அந்த மலாயு நாட்டைச் சுமத்திராவில் ஜாம்பிப் பகுதியில், பத்தாங் ஹாரி ஆற்றின் கரையில் இருந்ததாக ஆராய்ச்சியாளர் பலரும் கொள்வர். அது ஆறு பரந்தோடும் தாழ்நிலம். மலை நாடு அன்று. மூன்றாம் தடை ஒலி. மலாய் மொழியில் ரகர ஒற்று ஈற்றில் தாராளமாக வரும். சந்தை 'பாசார்', முட்டை 'தெலூர்', பெரியது 'பெசார்'. மலையூர் என்று கேட்டிருந்தால் அவர்கள் 'மெலாயூர்' என்றே சொல்லியிருப்பர். ஈற்று ரகரத்தை விட்டுவிட அவர்களுக்குக் காரணமே இல்லை.

ஆகவே நடந்தது தலைகீழ். மெலாயு என்னும் பெயரைக் கேட்ட தமிழன் அதனை மலையூர் ஆக்கினான். மெய்க்கீர்த்தி பாடிய புலவன் அந்தப் பெயரிலிருந்து ஒரு மலையையே எழுப்பிவிட்டான். இதனால் தமிழனுக்குப் பெருமை குறைந்துவிடவில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தக் கடலின் துறைமுகங்களைப் பெயர் சொல்லிக் கல்லில் பொறித்தவன் அவன். அந்த மெய்ப் பெருமை போதாதென்று, அடுத்தவரின் இனப்பெயருக்கும் உரிமை கொண்டாடுவது ஏன்? நம் பெயரைப் பிறர் தமது என்று சொன்னால் நமக்கு எப்படி இருக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தேக்காவும் லயமும்

இன்றைய ஊர்ப் பெயர்களும் இப்பாடத்தையே கற்பிக்கின்றன. சிங்கப்பூரில் தமிழர் நாள்தோறும் காய்கறி வாங்கச் செல்லும் தேக்கா, தேக்கு மரத்தால் வந்த பெயர் என்று எண்ணுவோர் உளர். அது ஹொக்கியன் சீனச் சொல்; மூங்கிலின் அடி என்பது அதன் பொருள். 1982-இல் எழுந்த சந்தைக் கட்டடத்திற்கு அதே பெயரை மாண்டரின் ஒலிப்பில் 'ஜூஜியாவ்' என்று இட்டனர். மக்கள் நாவில் அது நிலைக்கவில்லை. 2000-ஆம் ஆண்டில் தேக்கா என்பதே மீண்டும் பலகை ஏறிற்று. சீனர் இட்ட பெயரைத் தமிழரும் மலாய்க்காரரும் சேர்ந்து காப்பாற்றிய கதை இது. தேக்கு மரக் கதையினும் இஃது எவ்வளவு உயர்ந்தது!

சிராங்கூன் சாலைப் பகுதியை முன்னாளில் தமிழர் சுண்ணாம்புக் கம்பம் என்றனர். அந்தக் கம்பம் தூண் அன்று. சிற்றூரைக் குறிக்கும் மலாய்க் 'கம்போங்'. அங்குள்ள கம்போங் காப்போர் என்னும் பெயரின் நேர் பொருளும் அதுவே.

தோட்டப்புறத் தமிழோ சொல்லாராய்ச்சியாளனுக்கு ஒரு சுரங்கம். ரப்பர் 'கித்தா' ஆனது மலாய் 'கெத்தா'விலிருந்து. பிரம்பு 'ரோத்தான்' ஆனதும் அவ்வாறே. தொழிலாளர் வரிசை வீடுகளை லயம் என்றனர். ஆலயம் என்பதன் சிதைவு போலவும், இசையின் லயம் போலவும் தோன்றும் அச்சொல், வரிசை எனப் பொருள்படும் ஆங்கில 'லைன்' என்பதன் மரூஉ. விடியுமுன் ஆள் கணக்கெடுக்க நிறுத்திய 'பெரட்டு', பட்டாளத்தின் 'பரேடு'. இன்னும் நூறு ஆண்டு கழித்து எவரேனும் ஒருவர், தமிழர் வாழ்ந்த இடம் ஆலயம் போல் தூயது, ஆதலின் லயம் எனப்பட்டது என்று எழுதக் கூடும். அது கேட்க இனிக்கும். ஆனால் ஓர் அறையும் ஒரு திண்ணையுமாக வரிசையிற் கட்டிய வீடுகளில் தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்களின் வரலாறு அந்த இனிப்பில் கரைந்துவிடும். சொல்லின் பிறப்பை மறைப்பது அந்த மக்களின் வாழ்வை மறைப்பதேயாகும்.

பிறப்பு வேறு, வழக்கு வேறு

இதற்கு மறுபுறமும் உண்டு. சொல்லின் பிறப்பை அறிந்துவிட்டதால் அதன் இன்றைய பொருளையும் அறிந்துவிட்டதாக எண்ணுவது மற்றொரு பிழை. 'கெலிங்' என்னும் சொல் கலிங்க நாட்டின் பெயரிலிருந்து வந்தது என்பது பெரும்பாலோர் ஒப்புக்கொண்ட முடிவு. மலாய் வரலாற்று நூலாகிய செஜாரா மெலாயு தென்னிந்திய நாட்டை இழிவு ஏதுமின்றி அப்பெயரால் குறிக்கிறது. அதனைக் காட்டி, இச்சொல்லுக்காக வருந்துவானேன் என்று கேட்போர் உளர். பிறப்பில் குற்றமில்லை என்பது மெய். ஆனால் அது பிறகு வளர்ந்த விதம் வேறு. ஏளனத்தோடு எறியப்பட்டு எறியப்பட்டு அது வசைச் சொல்லாகிவிட்டது. சிங்கப்பூரில் அப்பெயர் தாங்கிய தெரு, 1920-களின் தொடக்கத்தில் சூலியா தெரு என மாற்றப்பட்டது. சூலியா என்பது சோழ மண்டலத்தாரைச் சுட்டும் பெயர் என்பர். காயம்பட்டவனிடம் அகராதியைக் காட்டுவது மருந்தாகாது.

கூலி என்னும் சொல்லும் அத்தகையது. தமிழில் அது உழைப்புக்குரிய ஊதியம், மானமுள்ள சொல். குஜராத்தில் வாழும் கோலி மக்களின் பெயரும் அதனோடு கலந்து, காலனி ஆட்சியில் உழைக்கும் ஆளையே குறிக்கும் இழிபெயராயிற்று. ஊதியத்தின் பெயர் மனிதனின் பெயரானபோது, மனிதன் மறைந்து ஊதியக் கணக்கு மட்டும் எஞ்சியது. இது சொல்லாராய்ச்சியும் ஆகும். சமுதாய வரலாறும் ஆகும்.

வேண்டிய நெறி

சொற்களுக்குப் பொருட்காரணம் பார்த்த அளவில் விளங்கித் தோன்றாது என்பது தொல்காப்பியர் உரியியலில் தந்த எச்சரிக்கை. காரணமே இல்லை என்று அவர் கூறவில்லை. எளிதில் தோன்றாது என்றுதான் கூறினார். எளிதில் தோன்றுவதையே காரணம் என்று கொள்பவர் அவரை வணங்கிவிட்டு அவர் சொல்லை மீறுகின்றனர்.

தமிழ்ச் சொற்பிறப்பு ஆராய்ச்சிக்குத் தம் வாழ்நாளைக் கொடுத்த ஞா. தேவநேயப் பாவாணர் (1902–1981) பெயரை மேடைகளில் பலரும் துணைக்கு அழைக்கின்றனர். தமிழுக்குள்ளேயே ஒரு வேரிலிருந்து சொற்குடும்பம் கிளைக்கும் வகையை அவர் காட்டிய இடங்கள் பயன் மிக்கவை. வட்டார வழக்குச் சொற்களை அவர் மதித்துத் திரட்டியதும் போற்றத் தக்கது. ஆனால் தமிழே உலக முதன்மொழி என்னும் முடிவை முன்னே நிறுத்தி, பிறமொழிச் சொற்களை அதற்குப் பொருந்தச் செய்தபோது, ஒலி ஒழுங்கும் காலச் சான்றும் அவருக்குத் துணை வரவில்லை. 1961-இல் பர்ரோவும் எமெனோவும் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி வேறு நெறியில் நின்றது. இனமொழிகளின் சொற்களை அருகருகே வைப்பதே அதன் பணி. பெருமை பேசுவது அன்று. பாவாணரின் உழைப்பைப் பின்பற்றாமல் அவருடைய முடிவுகளை மட்டும் எடுத்துரைப்பவர் அவருக்கும் நன்மை செய்பவர் அல்லர்.

ஒரு சொல்லைத் தமிழ் என்று கூறுமுன் நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொள்வது போதும். அச்சொல்லின் மிகப் பழைய வடிவம் எது? ஒலி மாற்றம் அந்த ஒரு சொல்லில் மட்டும் நிகழ்ந்ததா, பல சொற்களில் ஒழுங்காக நிகழ்ந்ததா? சொல்லைக் கொண்டு சென்றவர் யார், எந்த வழியாகச் சென்றனர்? அவர்கள் செல்வதற்கு முன்பே அச்சொல் அங்கே இருந்ததா? இந்நான்கிற்கும் விடை தரும் சொற்கள் மலாயிலும் ஆங்கிலத்திலும் ஏராளமாக உள. கட்டுமரமும், சுருட்டும், மிளகுத் தண்ணீரும், வெட்டிவேரும் ஆங்கில அகராதியில் அமர்ந்திருப்பதை எவரும் மறுப்பதில்லை.

கெடாயும் காப்பாலும் மெம்பெலாமும் இருக்க, எய்ட்டையும் மெலாயுவையும் நாடி ஓட வேண்டிய வறுமை தமிழுக்கு இல்லை. பள்ளி ஆசிரியர்கள் இச்சொற்களை மலாய் வகுப்பிலும் தமிழ் வகுப்பிலும் எடுத்துக்காட்டி, ஒலி ஒழுங்கை மாணவரே கண்டுபிடிக்கச் செய்யலாம். தானே கண்ட உண்மையை ஒரு மாணவன் எந்த அவையிலும் அஞ்சாமல் எடுத்துரைப்பான். விழாக் குழுவினரும் ஆண்டு மலர் ஆசிரியர்களும் அத்தகைய உண்மைக்கே இடம் தருவது கடமையாகும்.